அடுத்த திருத்தந்தை யார்? அந்தக் கேள்வி நமக்கு என்ன கற்பிக்கிறது?

தியானப் பகுதி: 1 சாமுவேல் 16:1-13, அப்போஸ்தலர் 1:15-26



2025 மே 7, புதன்கிழமை அன்று, வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் 133 கர்தினால்கள் சென்று கதவை அடைத்துக்கொண்டார்கள். உயிர்த்தெழுதல் திருநாளுக்கு மறுநாள், ஏப்ரல் 21 அன்று, தமது 88 ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த போப் பிரான்சிஸ் அவர்களுக்குப் பின் கத்தோலிக்கத் திருச்சபையை வழிநடத்தப் போகிறவர் யார் என்பதை அங்கே அவர்கள் தீர்மானித்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களாகச் சிப்காட் வாயிலில் பணிமுறை மாறும் நேரத்திலும், கும்மிடிப்பூண்டி ரயில் நிலைய நடைமேடையிலும், ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போதும், நம்மவர்கள் இதைப் பற்றியே பேசுவதைக் கேட்டேன். அதனால் இந்த வாரத் தியானத்தை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் மூப்பர்களில் ஒருவர் என்னிடம், "ஐயா, அது அவர்களுடைய காரியம். சீர்திருத்தச் சபையாராகிய நாம் அதற்காக ஏன் ஜெபிக்க வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ரோமாபுரி ஆயருக்கு உலகச் சபை முழுவதன்மேலும் அதிகாரம் உண்டு என்பதை நாம் ஏற்பதில்லை. சபைக்குத் தலை கிறிஸ்து ஒருவரே என்பது நம் அறிக்கை. அந்த வேறுபாட்டை மறைக்கவோ குறைக்கவோ நான் விரும்பவில்லை.

ஆனால் நாம் வாழும் மண்ணையும் சற்று நினைத்துப் பாருங்கள். நமக்கு அருகே உள்ள பழவேற்காட்டில் போர்த்துக்கீசியர் காலத்துக் கத்தோலிக்க விசுவாசத்தின் தொடர்ச்சியாக மகிமை மாதா ஆலயம் இன்றும் நிற்கிறது. அதே ஊரில் 1613 இல் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த டச்சுக்காரர்கள் ஜெல்டிரியாக் கோட்டையைக் கட்டினார்கள். ஐரோப்பாவில் ஒருவரையொருவர் வாளால் எதிர்த்த இரு கூட்டத்தாரும் நம் கடற்கரைக்கும் அந்தப் பகையைச் சுமந்து வந்தார்கள். கோட்டை இடிந்து மண்மேடாகிவிட்டது. கல்லறைகளில் செதுக்கிய டச்சு எழுத்துகளைச் சுற்றுலாப் பயணிகள் படம் பிடித்துச் செல்கிறார்கள். பகை இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் உபதேசத்தைப் பற்றி லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. அப்படியிருக்க, நூற்று நாற்பது கோடி மக்களுக்கு மேய்ப்பராக இருக்கிறவருக்காக நாம் ஜெபிப்பதில் நம் விசுவாசத்துக்கு எந்தக் குறையும் வராது. அவர் பேசும் வார்த்தை மணிப்பூரிலும் காசாவிலும் துன்பப்படுகிறவர்களின் காதுகளில் விழும். அந்த வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்கவேண்டும் என்று நாமும் விரும்புகிறோம் அல்லவா?

இத்தேர்தல் நடைபெறும் முறையையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. 'கான்கிளேவ்' என்னும் சொல்லுக்கு 'சாவியோடு' என்பது இலத்தீன் மொழியில் பொருள். அப்பெயர் வந்த கதை வேடிக்கையானது, வேதனையானதும்கூட. 1268 இல் போப் நான்காம் கிளமெந்து இறந்தபின், இத்தாலியின் வித்தெர்போ நகரில் கூடிய கர்தினால்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒரு முடிவுக்கு வரவில்லை. பொறுமையிழந்த ஊர்மக்கள் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள்; உணவைக் குறைத்தார்கள்; கூரையையும் பிரித்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. 1271 இல் தெரிந்துகொள்ளப்பட்ட பத்தாம் கிரகோரியே, 1274 இல் லியோன் பொதுச்சங்கத்தில், பூட்டிய அறைக்குள் தேர்தல் நடக்கவேண்டும் என்பதைச் சட்டமாக்கினார்.

இன்றுள்ள முறைப்படி 80 வயதைக் கடந்த கர்தினால்களுக்கு வாக்கில்லை. 1970 இல் ஆறாம் பவுல் ஏற்படுத்திய விதி அது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2025 இல் அது 89. முதல் நாள் ஒரு வாக்கெடுப்பு. அடுத்த நாள் முதல் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. ஒவ்வொருவரும் தம் கையெழுத்து அடையாளம் தெரியாதபடி ஒரு பெயரை எழுதி, தாளை மடித்து, பீடத்துக்கு முன் தனித்தனியே செல்லவேண்டும். மைக்கேலாஞ்சலோ தீட்டிய இறுதித் தீர்ப்பின் ஓவியம் அவர்களுக்கு எதிரே சுவர் முழுவதும் நிற்கிறது. தம்மை நியாயந்தீர்க்கப் போகிற கிறிஸ்துவையே சாட்சியாக வைத்து, தேவனுக்கு முன்பாகத் தகுதியுள்ளவர் என்று தாம் எண்ணுகிறவருக்கே வாக்களிப்பதாக ஆணையிட்ட பின்பே அவர்கள் வாக்கைச் செலுத்துகிறார்கள். எண்ணி முடித்த தாள்களை ஊசியால் கோத்து அடுப்பில் எரித்துவிடுகிறார்கள். முடிவு எட்டப்படாவிட்டால் கறுப்புப் புகை. எட்டப்பட்டால் வெள்ளைப் புகை.

புகைபோக்கியைப் பார்த்தே வாழ்கிறவர்கள் நாம். உருக்காலைகளின் புகை எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துத்தான் நம் தாய்மார்கள் துணி உலர்த்துகிறார்கள். எனவே ஒரு செய்தி உங்களுக்குச் சுவையாக இருக்கும். அந்தப் புகைக்கு இப்போது வேதிப்பொருள்களையும் சேர்க்கிறார்கள். கறுப்புக்குப் பொட்டாசியம் பெர்குளோரேட்டும் ஆந்த்ரசீனும் கந்தகமும். வெள்ளைக்குப் பொட்டாசியம் குளோரேட்டும் பால் சர்க்கரையும் மரப்பிசினும். 1958 இல் புகையின் நிறம் தெளிவாகத் தெரியாமல் மக்கள் குழம்பிய அனுபவமும் உண்டு. உள்ளே நடப்பது ஜெபமாக இருந்தாலும், வெளியே நிற்கிற எளியவனுக்கும் ஐயமில்லாமல் தெரியவேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. நம் சபைகளின் தீர்மானங்களும் அப்படித் தெளிவாக வெளியே வந்தால் எத்தனை மனஸ்தாபங்கள் நீங்கும்!

சரி, யார் வரக்கூடும் என்று பேசப்பட்டது? அப்போது செய்தித்தாள்கள் பல பெயர்களைக் கூறின. வத்திக்கானின் செயலராக 2013 முதல் பணியாற்றிய இத்தாலியர் பியத்ரோ பரோலின். போலோஞ்ஞா நகரின் பேராயரும், மொசாம்பிக் உள்நாட்டுப் போர் முடிவதற்கு இடைநின்று உழைத்தவருமான மத்தேயோ சூப்பி. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த லூயிஸ் அந்தோனியோ தாக்லே. கானா நாட்டின் பீட்டர் டர்க்சன். காங்கோவின் ஃபிரிதோலின் அம்போங்கோ. ஹங்கேரியின் பீட்டர் எர்தோ. பிரான்சின் மார்சேய் நகரப் பேராயர் அவெலின். எருசலேமின் இலத்தீன் முதுபெரும் தந்தை பிட்சபாலா. காசாவில் பணயமாகப் பிடித்து வைக்கப்பட்ட குழந்தைகள் விடுதலையாவதற்கு ஈடாகத் தம்மையே எடுத்துக்கொள்ளட்டும் என்று 2023 அக்டோபரில் அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தத் தேர்தலில் இந்தியாவிலிருந்து நான்கு பேர் வாக்களித்தார்கள். கோவா பேராயர் பிலிப் நேரி ஃபெர்ராவோ. திருவனந்தபுரத்தின் சீரோ மலங்கரைத் தலைவர் பசேலியோஸ் கிளீமிஸ். சங்கனாச்சேரியைச் சேர்ந்த ஜார்ஜ் கூவக்காடு. ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா. மும்பையின் ஆஸ்வால்டு கிராசியஸ் 2024 டிசம்பரில் 80 வயதை நிறைவு செய்துவிட்டதால் வாக்களிக்க இயலவில்லை. இலங்கையிலிருந்து கொழும்புப் பேராயர் மால்கம் ரஞ்சித் சென்றார்.

இந்தப் பட்டியல்களை எவ்வளவு நம்பலாம்? போப்பாக உள்ளே நுழைகிறவர் கர்தினாலாகவே வெளியே வருவார் என்று ரோமாபுரியில் ஒரு வழக்குமொழி உண்டு. 1978 அக்டோபரில் போலந்து நாட்டின் கரோல் வொய்த்தீவாவைச் சிலரே எதிர்பார்த்தார்கள். 455 ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியர் அல்லாத ஒருவர் வந்தார். 1958 இல் எழுபத்தாறு வயது ரொன்கல்லி, சிறிது காலம் இருக்கையைக் காத்துவிட்டுப் போவார் என்றே எண்ணப்பட்டார். அவர்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டினார். 2013 இல் வெண்புகை எழுந்தவுடன், மிலான் பேராயர் ஸ்கோலாவே வந்துவிட்டார் என்று எண்ணி இத்தாலிய ஆயர் பேரவை அவரை வாழ்த்தியே அறிக்கை அனுப்பிவிட்டது. வெளியே வந்தவரோ அர்ஜென்டினாவின் பெர்கோலியோ. எனினும் பட்டியல்கள் எப்போதும் பொய்யாவதில்லை. 1939 இல் பாச்செல்லியும், 2005 இல் ராட்சிங்கரும் எதிர்பார்க்கப்பட்டவர்களே. ஆகையால் ஊகம் தவறு என்று நான் சொல்லவில்லை. ஊகம் சூதாகும்போதுதான் தவறு. இந்தத் தேர்தலின்மேல் பணம் கட்டுகிற பழக்கம் பழையது. 1591 இல் பதினான்காம் கிரகோரி, அப்படிப் பந்தயம் கட்டுகிறவர்கள் சபையிலிருந்து விலக்கப்படுவார்கள் என்று ஆணையிடும் அளவுக்கு அது பெருகியிருந்தது. இன்றும் வெளிநாட்டுப் பந்தய நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. ஐபிஎல் பருவத்தில் கைப்பேசியில் சம்பளத்தைத் தொலைக்கும் இளைஞர்கள் நம் நடுவிலும் இருப்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது என் மனத்தில் பாரமாய் நிற்கும் இரு உரையாடல்களைச் சொல்லுகிறேன்.

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழும் ஒரு தாயார், கத்தோலிக்கர், நம் பெண்கள் கூட்டத்துக்கும் சில நேரம் வருகிறவர். "மால்கம் ரஞ்சித் ஆண்டகை வந்தால் சந்தோசப்படவா, வேண்டாமா எண்டு எனக்குத் தெரியேல்லை ஐயா" என்றார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுதல் ஞாயிறு அன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும், விடுதிகளிலும் வெடித்த குண்டுகள் 250க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. சீயோன் சபையில் மாண்டவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடிந்து நின்ற பிள்ளைகள். அவர்களுக்கு நீதி வேண்டும் என்று கர்தினால் மால்கம் ரஞ்சித் அரசுகளை எதிர்த்துத் தொடர்ந்து பேசி வருகிறார். அதை அந்தத் தாயார் நன்றியோடு நினைக்கிறார். அதே குரல், முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளை இழந்த தாய்மாருக்காகவும் இதே அளவுக்கு ஒலித்திருக்கலாகாதா என்பதே அவருடைய ஏக்கம். போப் பிரான்சிஸ் 2015 சனவரியில் இலங்கைக்குச் சென்றபோது மடுத் திருத்தலம் வரை போய்த் தமிழர் நடுவில் நின்றதை அவர் மறக்கவில்லை. அந்த நாளை நினைத்துச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. ஏப்ரல் 21 என்னும் அதே நாளில் பிரான்சிஸ் மறைந்ததையும் அவரே எனக்கு நினைவூட்டினார்.

ஒரு மேய்ப்பரிடம் ஆடுகள் எதிர்பார்ப்பது இதுதான். தொழுவத்தின் எந்த மூலையில் அழுகை கேட்டாலும் அவர் திரும்பிப் பார்க்கவேண்டும். தன் மொழியில் அழுகிற ஆட்டுக்கு மட்டும் திரும்பினால் போதாது. அந்தத் தாயார் எந்தக் கர்தினாலையும் குற்றஞ்சாட்டவில்லை. மேய்ப்பின் அளவுகோலை எனக்குக் காட்டிச் சென்றார்.

மற்றொருவர் இருபத்தைந்து வயது இளைஞர். உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நம் சபையில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர். இரவுப் பணி முடித்து வந்த களைப்போடு கேட்டார்: "ஐயா, பூலா ஐயா நம்ம ஆளு. நம்ம ஆளு ஒருத்தர் போப் ஆவாரா?"

அந்தக் கேள்வியின் ஆழத்தை நீங்கள் உணரவேண்டும். அந்தோணி பூலா 1961 இல் கர்னூல் மாவட்டத்துச் சிந்துக்கூர் கிராமத்தில் பிறந்தவர். வறுமையால் ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோக, மறைப்பணியாளர்கள் கைகொடுத்ததால் அதைத் தொடர்ந்தவர். 2008 இல் கர்னூல் ஆயராகவும், 2020 இல் ஐதராபாத் பேராயராகவும் உயர்ந்தார். 2022 ஆகஸ்டு 27 அன்று போப் பிரான்சிஸ் அவரைக் கர்தினாலாக்கினார். தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினால். தெலுங்கு மக்களிலிருந்தும் முதல் கர்தினால். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். எல்லையின் இருபுறமும் ஒரே உறவுகளாய் வாழும் நம் மக்களுக்கு அவர் அயலார் அல்லர்.

1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவராகிவிட்ட தலித்துக்குப் பட்டியல் இனத்தவருக்குரிய உரிமை இல்லை. 1956 இல் சீக்கியருக்கும் 1990 இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கு இன்றுவரை திறக்கப்படவில்லை. சட்டம் அவரைப் பார்த்து, நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி இல்லை என்கிறது. சபையோ பல நேரங்களில் அவரைப் பார்த்து, நீ கிறிஸ்தவன்தான், ஆனாலும் உன் சாதி எங்களுக்குத் தெரியும் என்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நசுங்குகிறவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவரிடம், கிறிஸ்துவுக்குள் அனைவரும் ஒன்று, அப்படியெல்லாம் பேசக்கூடாது தம்பி என்று சொல்லி வாயடைப்பது எளிது. கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் எழுதிய அந்த மகத்தான சத்தியம், வேதனையின்மேல் போட்டு மூடுகிற மூடி அல்ல. அது நாம் இன்னும் கட்டி முடிக்காத வீட்டின் வரைபடம். நான் சொன்னது இவ்வளவே: "தம்பி, இந்த முறை அவர் வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நீ கேட்டது சரியான கேள்வி. வெறும் பார்வையாளராக அல்ல, வாக்களிக்கிறவராகவே அவர் அந்த அறைக்குள் போகிறார். அதற்காகக் கர்த்தரைத் துதிப்போம். அடுத்த கேள்வியை நம் சபையைப் பார்த்துக் கேட்போம்."

ஆம், அந்தக் கேள்வி ரோமாபுரியோடு முடிந்துவிடுவதில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்காக எழுப்பிய சுவரைச் சுட்டிக்காட்டிக் கத்தோலிக்கரை நாம் குறைசொல்லலாம். ஆனால் 1833 இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் ஆலயத்தை விட்டு வெளியேறினவர்கள் சீர்திருத்தச் சபையார் அல்லவா? நற்கருணைப் பாத்திரத்தை யாருக்குப் பின் யார் அருந்துவது என்று வழக்காடியவர்கள் நம் முன்னோர் அல்லவா?

சாமுவேல் தீர்க்கதரிசி பெத்லகேமில் ஈசாயின் வீட்டுக்குப் போன வரலாற்றை நாம் அறிவோம். மூத்தவன் எலியாபின் உயரத்தையும் முகத்தையும் கண்டவுடன், இவன்தான் என்று தீர்க்கதரிசியே எண்ணிவிட்டார். மனிதர் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறார்கள், தாம் இருதயத்தைப் பார்ப்பதாகக் கர்த்தர் அவருக்கு உணர்த்தினார். ஏழு பேர் கடந்து போனார்கள். எட்டாமவன் பட்டியலிலேயே இல்லை. தகப்பனே அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவன் ஆடுகளோடு வெளியில் இருந்தான். இங்கே என்னை நிறுத்துகிற வார்த்தை, அவன் வந்து சேரும்வரை பந்தியிருக்கமாட்டோம் என்று சாமுவேல் சொன்னதுதான். வெளியே நிற்கிறவன் உள்ளே வரும்வரை பந்தி தொடங்காது! சபைத் தேர்தல் ஒவ்வொன்றுக்கும் முன் நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: யாரை நாம் இன்னும் அழைக்கவேயில்லை?

அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்திலோ இரண்டு பெயர்கள் நிறுத்தப்படுகின்றன. ஏறக்குறைய 120 பேர் கூடியிருந்தார்கள். ஜெபித்தார்கள், சீட்டுப்போட்டார்கள், மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டார். யுஸ்து என்னும் மறுபெயருள்ள யோசேப்பு பர்சபா தெரிந்துகொள்ளப்படவில்லை. அதன்பின் அவரைப் பற்றி வேதம் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அவருடைய தகுதியை வேதமே சொல்லியிருக்கிறது: யோவானின் ஸ்நானகாலம் முதல் ஆண்டவர் எடுத்துக்கொள்ளப்பட்ட நாள்வரை அவர் உடன் இருந்தவர். பதவி கிடைக்கவில்லை என்று அவர் வேறு கூட்டம் தொடங்கினதாக எழுதப்படவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் எல்லாரும் ஒருமனப்பட்டுக் கூடியிருந்தார்கள் என்றே வாசிக்கிறோம். சீட்டு விழாதவரும் அந்த எல்லாரோடும் அமர்ந்திருந்தார், அவர்மேலும் அக்கினி இறங்கிற்று என்றே நான் எண்ணிக்கொள்கிறேன்.

இதைத் தியானிக்கும்போது தமிழ்நாட்டில் பிறந்த ஒரு கர்தினாலை நினைக்கிறேன். புதுச்சேரி உயர்மறைமாவட்டத்துக் கல்லேரி கிராமத்தில் 1924 இல் பிறந்த சைமன் லூர்துசாமி, பெங்களூர் பேராயராக இருந்து, ரோமாபுரி சென்று, 1985 இல் கர்தினாலாகி, கீழைச் சபைகளுக்கான பேராயத்தின் தலைவராகப் பணியாற்றினார். கர்தினாலுக்குரிய பெரிய கடமை போப்பைத் தெரிந்துகொள்வது. ஆனால் இரண்டாம் ஜான் பால் நீண்டகாலம் வாழ்ந்தார். 2005 இல் அவர் மறைந்தபோது லூர்துசாமி 80 வயதைக் கடந்திருந்தார். அந்த அறைக்குள் ஒருமுறைகூட அவர் வாக்களிக்கப் போகவில்லை. 2014 இல் ரோமாபுரியில் நித்திரையடைந்தார். அவர் ஊழியம் வீணாயிற்று என்று யார் சொல்லுவார்கள்? அதுபோலவே, ராஞ்சியின் டெலஸ்போர் டோப்போ ஆதிவாசி மக்களிலிருந்து எழும்பி, 2005 இலும் 2013 இலும் அந்த அறையில் வாக்களித்து, 2023 இல் ஓய்வடைந்தார். நம் ஆலைகளில் வேலை செய்யும் ஜார்க்கண்டு இளைஞர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். சிலருடைய முகம் மலர்வதை நான் கண்டிருக்கிறேன். வாக்களித்தவரும் வாக்களிக்காதவரும் ஒரே எசமானுக்கே கணக்கொப்புவிக்கிறார்கள்.

அன்பானவர்களே, வரும் மாதங்களில் நம் சபையிலும் சபைக் குழுத் தேர்தல் நடைபெற இருக்கிறது. நம்மிடமும் பட்டியல்கள் சுற்றத் தொடங்கிவிட்டன. தெற்கு மாவட்டங்களிலிருந்து வேலைக்காக வந்து குடியேறிய குடும்பங்களுக்கு ஒரு பட்டியல். இம்மண்ணிலேயே பிறந்த குடும்பங்களுக்கு ஒரு பட்டியல். தெலுங்கு பேசுகிறவர்களை இரு சாராரும் எண்ணிக்கைக்காகத் தேடுகிறார்கள். இந்த வாரம் நம் சபையின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறுதோறும் இருக்கைகளில் ஏறத்தாழப் பாதியை நிரப்புகிற காலனிப் பகுதி மக்களிலிருந்து, செயலர் பொறுப்பிலோ பொருளாளர் பொறுப்பிலோ இதுவரை ஒருவரும் அமர்ந்ததில்லை. ஆலயத்தைக் கூட்டினவர்களின் பெயர்கள் உண்டு. அசனத்துக்குப் பாத்திரம் சுமந்தவர்களின் பெயர்கள் உண்டு. கையொப்பமிடும் இடத்தில் அவர்கள் பெயர் இல்லை. அந்த இளைஞரின் கேள்விக்கான நம் பதில் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. வத்திக்கானில் வெண்புகை எழும்போது கைதட்டுகிற நாம், இதற்கு என்ன சொல்லப்போகிறோம்?

ஆகவே சபைக் குழுவின் முன் மூன்று காரியங்களை வைக்கிறேன். முதலாவது, தேர்தலுக்கு முந்தின இரவு சபையார் அனைவரும் கைப்பேசிகளை வீட்டில் வைத்துவிட்டு ஆலயத்தில் கூடி ஜெபிப்போம். இரண்டாவது, வாக்களிக்கிற ஒவ்வொருவரும் கர்த்தருடைய பந்தியின் மேசைக்கு முன்வந்து, நம்மை நியாயந்தீர்க்கிறவர் பார்க்கிறார் என்ற உணர்வோடு வாக்கைச் செலுத்துவோம். தெருவுக்காகவும் ஊருக்காகவும் இரத்த உறவுக்காகவும் அல்ல. மூன்றாவது, பெயர்களை முன்மொழியும் முன், எட்டாமவன் எங்கே என்று கேட்போம். பவுல் தீமோத்தேயுவுக்குச் சொல்லும் தகுதிகளில் சாதியும் சொந்த ஊரும் சம்பளமும் இல்லை. விழிப்பும், உபசரிப்பும், பண ஆசை இல்லாமையும், வீட்டை நன்றாய் நடத்துதலும் இருக்கின்றன. இந்தத் தகுதி உடையவர்கள் நம் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள். முடிவு வந்தபின், அவர்கள் தாள்களை எரிப்பதுபோல், யார் யாருக்கு வாக்களித்தார் என்னும் கணக்கை நாம் நம் மனத்தில் எரித்துவிடுவோம்.

தெரிந்துகொள்ளப்படுகிறவருக்கும் ஒரு வார்த்தை. சிஸ்டைன் சிற்றாலயத்தை ஒட்டிச் சிறிய அறை ஒன்று உண்டு. அதைக் கண்ணீர் அறை என்று அழைக்கிறார்கள். புதிய போப் வெள்ளை அங்கியை முதன்முதல் அணிவது அங்கேதான். சிறியது, நடுத்தரம், பெரியது என்று அங்கிகளை முன்னதாகவே தைத்து வைத்திருப்பார்கள். யார் வந்தாலும் அங்கி தயார். சுமக்கும் தோள்தான் நடுங்குகிறது. பலர் அங்கே அழுதிருக்கிறார்கள். பதவி கிடைத்தவுடன் மாலையும் பதாகையும் தேடாமல், அழுவதற்கு ஓர் அறையைத் தேடுகிறவன் பாக்கியவான்.

போப் பிரான்சிஸ் மரிப்பதற்கு நான்கு நாள்களுக்கு முன், பெரிய வியாழனன்று, ரோமாபுரியின் ரெஜினா செலி சிறைக்குச் சென்றார். பல ஆண்டுகளில் கைதிகளின் கால்களைக் கழுவியவர், 2025 இல் குனிய இயலாத நிலையில் இருந்தார். ஆனாலும் அவர்களோடு இருப்பதற்காகப் போனார். கால் கழுவ முடியாவிட்டாலும் கழுவவேண்டிய இடத்துக்குப் போன அந்தக் கடைசிப் பயணத்தை, உபதேச வேறுபாடுகள் எத்தனை இருந்தாலும், நான் தலைவணங்கி நினைக்கிறேன். அவருக்குப் பின் வந்தவரும் அந்த வழியை அறிந்தவராக இருக்கட்டும். நம் சபைக் குழுவில் அமரப்போகிறவர்களும் அந்த வழியை அறிந்தவர்களாக இருக்கட்டும்.

ஜெபிப்போம்:

மந்தையின் பெரிய மேய்ப்பராகிய ஆண்டவரே, உமது சபை மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல் ஆகாதபடிக்கு மோசே ஜெபித்தது போல நாங்களும் ஜெபிக்கிறோம். ரோமாபுரியில் உள்ள உமது ஊழியர்களுக்குத் தெளிந்த மனத்தையும் அஞ்சாத நெஞ்சையும் தாரும். போரினால் பிள்ளைகளை இழந்தவர்களின் அழுகைக்குச் செவிகொடுக்கிற ஒருவரை எழுப்பும். எங்கள் சபையிலே வயல்வெளியில் நிற்கிறவனை நாங்கள் மறவாதபடி எங்கள் கண்களைத் திறந்தருளும். தெரிந்துகொள்ளப்படாதவர்களுக்குப் பர்சபாவின் பொறுமையையும், தெரிந்துகொள்ளப்படுகிறவர்களுக்குக் கண்ணீரையும் துண்டையும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்